பல் வைத்தியரிடம் முதற் பரிசோதனை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியையும் தொழிலையும் கலியாணச் செலவையும் பற்றிப் பேசவேண்டிய இம்மேடையில் பல்லைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். பல் நோவினால் ஓரிரவு உறங்காது கிடந்தவர் அங்ஙனம் எண்ணார்.

தாமிரபரணிக் கரையினராகிய நாம் பல் துலக்குவதில் எவர்க்கும் பிற்பட்டவரல்லேம். ஆலங்குச்சியோடும் வேப்பங்குச்சியோடும் விடியுமுன் படித்துறைக்குச் சென்றவர் நம் முன்னோர். ஆயினும், துலக்குதல் வேறு; பரிசோதித்துக்கொள்ளுதல் வேறு. அல்வாவும் மிட்டாயும் பல்லிடுக்கில் ஒட்டி நிற்க, கிருமிகள் அவ்வினிப்பைப் புளிப்பாக மாற்றுகின்றன. அப்புளிப்பு பல்லின் மேலோட்டை அரிக்கின்றது. தொடக்கத்தில் நோவு இராது. நோவு தோன்றும்போதோ, சொத்தை பெரும்பாலும் ஆழ இறங்கியிருக்கும்.

எங்கள் ஆச்சியின் கதையைச் சொல்லுகிறேன். வெற்றிலையும் புகையிலையும் அவர்கள் வாயைவிட்டு நீங்கியதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெண்மையான தடிப்பு ஒன்று கண்டது. “நோகவில்லையே, இதற்கென்ன வைத்தியர்?” என்றார்கள். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. ஓராண்டு கழித்து நாங்கள் அழைத்துச் சென்றபோது, அது புற்றாக முற்றிவிட்டது. பத்து நிமிஷப் பரிசோதனைக்கு அஞ்சி, எங்கள் வீட்டின் விளக்கை இழந்தோம். இப்பிரசங்கத்திற்குக் காரணம் அதுவே.

அப்பரிசோதனையில் நடப்பதுதான் என்ன? முதலில் வைத்தியர் கேள்விகள் கேட்பார். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உண்டா, உட்கொள்ளும் மருந்துகள் யாவை, எந்த மருந்தாவது ஒவ்வாதா, பெண்களாயின் கருவுற்றிருக்கின்றனரா என்பன அவை. உண்ணும் மருந்துகளின் சீட்டைக் கையோடு கொண்டு செல்க. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. புகையிலை, பீடி, பாக்கு ஆகிய பழக்கங்களை ஒளியாது சொல்லுக. வைத்தியர் நம்மைத் தண்டிக்க வந்த நீதிபதியல்லர்.

பின்னர், சாய்ந்த நாற்காலியில் இருத்தி, சிறு கண்ணாடியும் மெல்லிய கருவியும் கொண்டு ஒவ்வொரு பல்லையும் பார்ப்பார். ஈறுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள பள்ளத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இருப்பது பொதுவாக நலம். கன்னம், நாக்கின் அடி, அண்ணம் ஆகியவற்றையும் நோக்கி, கழுத்தில் கட்டி உண்டா என்று தடவிப் பார்ப்பார். வாய் எவ்வளவு திறக்கின்றது என்பதையும் கவனிப்பார். வேண்டுமாயின் எக்ஸ்ரே படம் எடுப்பார். அன்றே பல் பிடுங்குவது வழக்கமன்று. கடுமையான நோவோ சீழோ இருந்தால் மாத்திரம் உடனே சிகிச்சை தொடங்க நேரலாம். முடிவில், செய்யவேண்டியது யாது, எத்தனை முறை வரவேண்டும், செலவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நமது உரிமை.

புகையிலை சேராத பாக்கு தீங்கற்றதென்று நம்மவர் பலர் நம்புகின்றனர். உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், புகையிலையில்லாத வெற்றிலைப்பாக்கும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பதே என்று தீர்மானித்துள்ளது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெண்தடிப்பு, செந்தடிப்பு ஆகியவற்றை ஒருபோதும் அசட்டை செய்யலாகாது.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்பது வீண் பயம். பல்லில் படிந்த காரையைச் சுரண்டினால் பல் ஆடும் என்பதும் அத்தகையதே. உண்மையில் பல்லை ஆட்டுவது அக்காரையினால் விளையும் ஈறு நோயே. பாற்பல் விழுந்துவிடுமே, அதற்கேன் சிகிச்சை என்பதும் தவறு. 20 பாற்பற்களே பின்வரும் பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. குழந்தைக்கு முதற் பல் முளைத்ததும், ஒரு வயது நிரம்புமுன்னே, முதற் பரிசோதனை செய்தல் நன்று. “சேட்டை செய்தால் வைத்தியர் ஊசி போடுவார்” என்று குழந்தையை மிரட்டாதீர்கள். அன்று விதைக்கும் அச்சம் முதுமை வரை வளரும்.

பொருளில்லை என்று தயங்குவோர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியப் பகுதிக்குச் செல்லலாம். பல் வைத்தியரைப் பதிவு செய்யும் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. ஆதலின் எங்குச் சென்றாலும் பதிவு பெற்றவரையே நாடுக.

சகோதரிகளே! வீட்டில் அனைவர்க்கும் நோய் பார்த்துவிட்டுத் தம் நோயை மறைப்பவர் நீங்கள். ஆச்சியும் அங்ஙனமே மறைத்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்குள், ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் வெற்றிலை போடும் முதியவர் ஒருவரையும் குழந்தை ஒன்றையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோமாயின், யான் பேசியது பயன்பட்டதென்று மகிழ்வேன்.