தூரத்து வகுப்பறையும் கேட்கும் காதும்

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பல்கலைக்கழக மானியக் குழு, நாடு தழுவிய வகுப்பறை என்னும் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கிற்று. ஆசிரியர் பேசினார், மாணவர் பார்த்தனர். ஐயம் எழுந்தால் அப்பொழுதே வினவ வழியில்லை. கல்விக்கென்றே அமைந்த எடுசாட் என்னும் செயற்கைக் கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்டது. அத்திட்டத்தின் முதற்கட்டம் கருநாடகம், மராட்டியம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் நடைபெற்றது. மாணவர் கேட்கவும் ஆசிரியர் விடையிறுக்கவும் வழி பிறந்தது. எனினும் கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தமையால், வினா போய் விடை திரும்ப வான்வழியிலேயே ஏறக்குறைய அரை விநாடி கழிந்தது. 2010-இல் அக்கோள் ஓய்வு பெற்றது. இப்பொழுது கண்ணாடி இழை வடம் வந்துவிட்டது. 2020-இல் பரவிய பெருந்தொற்றோ, காணொளிப் பாடத்தை ஒவ்வொரு கல்லூரிக்கும் பழக்கிவிட்டது.

நேயர்களில் சிலர் பிற மாநிலக் கல்லூரிகளில் பணிபுரிகிறீர்கள். பலர் அங்கே பயிலும் பிள்ளைகளின் பெற்றோர். வகுப்பறைக்குக் காணொளிச் சாதனம் வாங்கும் குழு கூடினால், முதலில் பேசப்படுவது திரை எத்தனை அங்குலம் என்பது, அடுத்தது கேமரா. மிஞ்சிய பணத்தில் மைக். இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நம் துணிபு.

சொந்த மொழியில் பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். பிறமொழியில் அது அரிது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை அடிக்கடி உணர்கிறோம். தாளில் உள்ள இந்தி வாக்கியம் எங்களை மருட்டுவதில்லை. அதே வாக்கியம் கூட்ட அறையின் மூலையிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து கரகரத்து வருகையில், ‘நஹீ’ என்னும் சிறு சொல் நழுவினால் போதும், மறுப்பு இசைவாகிவிடும்!

போபாலிலோ நாகபுரியிலோ பயிலும் நம் வீட்டுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். தொலைவிலிருந்து பேசும் வேதியியல் ஆசிரியர் ‘ஃபிஃப்டீன்’ மில்லி என்றாரா, ‘ஃபிஃப்டி’ என்றாரா? அருகிலிருப்பவளைக் கேட்டுத் தெளிவதற்குள் பாடம் கடந்துவிடும். எழுந்து வினவியும் அவள் குரல் அங்கே எட்டவில்லையெனில், சில நாளில் வினவுவதையே விட்டுவிடுவாள். வருகைப் பதிவேட்டில் அவள் இருப்பாள். வகுப்பில் இருக்க மாட்டாள்.

நம் வகுப்பறைகளின் அமைப்பும் இதற்கு உடந்தை. சிமெண்டுச் சுவர், மொசைக் தரை, தலைக்குமேல் நான்கு விசிறி. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, மெலிந்த மெய்யெழுத்துக்களை மூடிவிடுகிறது. அமெரிக்காவின் வகுப்பறைத் தரநிர்ணயம், சிறிய அறையில் எதிர்முழக்கம் 0.6 விநாடிக்கு மேல் நீடிக்கலாகாது என்கிறது. கனத்த திரைச்சீலையும், பின்சுவரில் கம்பளி போர்த்த அறிவிப்புப் பலகைகளும் குறைந்த செலவில் பெரிதும் உதவும். மைக்கை வாய்க்கு அருகே கொணர்வது அதனினும் மலிவு. இடைவெளி பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் ஓங்கும்; விசிறியின் இரைச்சல் கூடாது. ஆசிரியருக்குச் சட்டையில் செருகும் மைக் வேண்டும். மாணவருக்கோ, கூரையில் தொங்கும் ஒன்றைக் காட்டிலும் கைக்குக் கை மாறும் இரண்டு மேல். ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் மைக்கில் புகாதபடி எதிரொலி நீக்கும் கருவி அவசியம். ஓரறையில் மூன்று மடிக்கணினிகளைத் திறந்து வைத்து எல்லாவற்றின் மைக்கையும் இயக்கினால் எழும் ஊளையை அடக்குவது அரிது.

மற்றவை எளியவை. ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அவர் முகம் இருளும். தொலைவிலுள்ள மாணவரைக் காட்டும் திரை ஒன்று, அவர் கண்ணெதிரே அறையின் பின்புறம் இருக்கட்டும்; கேமராவும் அதனருகிலேயே இருக்கட்டும். இணைப்பு கம்பி வழியே வரட்டும். மின்சாரம் போனால் தாங்க பாட்டரியும் வேண்டும்.

விற்பனையாளர் தம் குளிரூட்டிய அறையில் காட்டும் படத்தைக் கண்டு மயங்கலாகாது. சாதனத்தை வகுப்பறைக்கே வரவழைத்து, விசிறிகள் சுழல, ஜன்னல்கள் திறந்திருக்க, கடைசிப் பெஞ்சில் வேற்றுமொழிப் பிள்ளை ஒருத்தியை அமர்த்துங்கள். மறுமுனையில் ஒருவர் இருபது எண்களை ஆங்கிலத்தில் வாசிக்க, அவள் எழுதட்டும். பிறகு அவள் வாசிக்க, அவர் எழுதட்டும். இரண்டு தாள்களும் பிழையின்றி இருந்தால் பில்லில் கையெழுத்திடலாம்.