ஆயிரம் கைகளும் ஒரு கருத்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இயலும் இசையும் நாடகமும் அரங்கேறி வந்த இம்மேடையில், இவ்வாண்டு ஆடை வடிவமைப்பைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். "துணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் காலனிப் பிள்ளைகளில் சிலர் இத்துறையில் சேர விரும்புகின்றனர் என்பதையும், அவர்தம் பெற்றோர் சற்றே ஐயத்தோடு இருக்கின்றனர் என்பதையும் அறிவேன். இரு சாராருக்கும் பயன்படுமாறு, இத்தொழிலில் வெளியே தெரியாத ஒரு பகுதியைக் கூறலாம் எனத் துணிந்தேன்.

ஆடைக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் நீங்கள் கண்டிருப்பீர்கள். காட்சி முடிந்ததும் ஒருவர் மட்டும் மேடைக்கு வந்து கைகூப்பிச் செல்வார். எல்லா ஆடைகளையும் அவர் ஒருவரே படைத்தார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. தில்லியைச் சுற்றி ஓக்லாவிலும் நொய்டாவிலும் உள்ள ஆடைக் கூடங்களுள் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். வடிவமைப்பாளர் தாளில் வரைந்ததைப் பேட்டர்ன் மாஸ்டர் அளவுகளாக மாற்றுகிறார். கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டுகிறார். சாம்பிள் தையற்காரர் முதல் உருப்படியைத் தைக்கிறார். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன் இருபுறமும் அமர்ந்து ஜர்தோசி வேலை செய்வோர் சரிகையையும் மணிகளையும் பதிக்கின்றனர். சாயக்காரரும் பித்தான் வைப்பவரும் இஸ்திரி போடுபவரும் தத்தம் பங்கைச் செய்து முடிக்கின்றனர்.

இவர்கள் ஒவ்வொருவரிடமும் வடிவமைப்பாளரிடம் இல்லாத ஓர் அறிவு உண்டு. "இந்தக் கையை இப்படி வெட்டினால் அணிபவர் தோளை உயர்த்த முடியாது" என்று படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் மாஸ்டர்கள் இருக்கின்றனர். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவராக இருக்கலாம். வடிவமைப்பாளரோ பட்டம் பெற்றவராக இருக்கலாம். ஆனால் அவ்விடத்தில் ஆசிரியர் அவரே. இத்தகைய பலரை ஒரு கருத்தின் கீழ் இணைத்து, ஒவ்வொருவருடைய அறிவும் ஆடைக்குள் வந்து சேருமாறு செய்வதே இத்தொழிலில் தலைமை என்பது. வரையத் தெரிந்தவர் பலர். இது தெரிந்தவர் சிலர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகப் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்டியன் டியோரைக் கூறுவேன். 1905ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கிரான்வில் ஊரில் பிறந்தவர் அவர். பருத்தி ஆலை அதிபர் மார்செல் பூசாக் பொருளுதவி செய்ய, 1946ஆம் ஆண்டின் இறுதியில் தம் ஆடையகத்தைத் தொடங்கினார். 1947 பிப்ரவரி 12ஆம் நாள் ஏறத்தாழ 90 ஆடைகளோடு முதல் காட்சியை நடத்தினார். போர்க்காலத் துணிப் பஞ்சத்தில் சுருங்கிக் கிடந்த மகளிர் உடைக்கு அகன்ற பாவாடையையும் இறுகிய இடையையும் அளித்த அக்காட்சியை, அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை கார்மெல் ஸ்னோ 'நியூ லுக்' என்றழைத்தார். ஒரே நாளில் டியோரின் பெயர் உலகெங்கும் பரவியது.

அன்பர்களே, அந்தப் புகழை விட அவர் ஆள்களைச் சேர்த்த முறையே நாம் கருதத்தக்கது. தம்மிடம் எது குறைவோ அதை நிறைப்பவர்களை அவர் அருகில் வைத்துக்கொண்டார். ரேமோந்த் செனாக்கர் என்னும் அம்மையார் வரைகூடத்தின் ஒழுங்கைக் கவனித்தார். மார்கரித் கரே தையற்கூடங்களின் தொழில்நுட்பத்தை ஆண்டார். மிட்சா பிரிக்கார் தொப்பிகளைக் கவனித்ததோடு, எது அழகு, எது மிகை என்று அஞ்சாது கூறும் உரிமையும் பெற்றிருந்தார். ஆமாம் போடுபவர்களை மட்டும் சுற்றி வைத்துக்கொள்ளும் தலைவன் தன் கண்ணால் மட்டுமே காண்பான். டியோர் பிறர் கண்களாலும் கண்டார்.

அவருடைய வேலை முறையையும் கேளுங்கள். பருவத்துக்கொரு முறை ஊர்ப்புற வீட்டில் தனிமையில் அமர்ந்து நூற்றுக்கணக்கான சிறு படங்களை வரைவார். அவற்றை மார்கரித் அம்மையார் தையற்கூடத் தலைவியரிடம் பகிர்ந்தளிப்பார். எந்தப் படம் எவருடைய உள்ளத்தைத் தொடுகிறதோ, அதை அவர் எடுத்துக்கொள்வார். பின்னர் விலை மலிந்த வெள்ளைத் துணியில் மாதிரி தைக்கப்படும். நம் ஊர்த் தையற்காரர் காடாத் துணியில் வெட்டிப் பார்ப்பது போன்றதே அது. நிறமும் பூவேலையும் இல்லாத அந்த வெள்ளை மாதிரியில் குறையை மறைக்க இயலாது; அமைப்பு ஒன்றே கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துத் திருத்தி ஏற்றுக்கொண்ட பிறகே விலையுயர்ந்த பட்டின் மேல் கத்தரிக்கோல் வைக்கப்படும்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, கருத்தைத் தெளிவாகக் கொடுத்தல். இரண்டாவது, செய்பவர் தம் கைக்குரியதைத் தேர்ந்தெடுக்க இடம் விடுதல். மூன்றாவது, திருத்தத்தை மலிவான துணியில், தொடக்கத்திலேயே செய்து முடித்தல். திருத்தம் பிந்தப் பிந்த அதன் விலை ஏறுகிறது. வெள்ளை மாதிரியில் ஒரு மணி நேரத்தில் தீர்வது, பூவேலை முடிந்த பட்டில் பலருடைய ஒரு வார உழைப்பைப் பாழாக்கும்.

1957 அக்டோபர் 24ஆம் நாள் டியோர் இத்தாலியில் திடீரென மறைந்தார். அப்போது அவருடைய நிறுவனத்தில் ஆயிரம் பேருக்கு மேல் பணிபுரிந்தனர். அடுத்த காட்சிக்கோ மூன்று மாதங்களே இருந்தன. 1955ஆம் ஆண்டில் உதவியாளராகச் சேர்ந்திருந்த ஈவ் சென் லோரான் என்னும் 21 வயது இளைஞர் தலைமையேற்றார். 1958 சனவரி இறுதியில் நடந்த அவருடைய முதல் காட்சி பெருவெற்றி பெற்றது. அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மூன்று மாதங்களில் அவரைத் தாங்கியவை பழகிய கைகளும் பழகிய ஒழுங்கும் அல்லவா? தலைவர் இல்லாதபோது கூடம் எப்படி நடக்கிறது என்பதே அவருடைய தலைமைக்குச் சான்று.

அதே நிறுவனத்தில் 2012ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ராஃப் சைமன்ஸ், கையால் வரைந்து வேலை செய்யும் வழக்கம் உடையவர் அல்லர். கருத்தை விளக்கும் படங்களைக் கோப்புகளாகத் தொகுத்துக் குழுவிடம் தருவார், குழுவினர் வரைந்து வருவர், அவர் தேர்ந்தெடுப்பார். முதல் காட்சிக்கு அவருக்குக் கிடைத்தவை எட்டு வாரங்களே. அந்நாள்களைப் படம் பிடித்த 'டியோரும் நானும்' என்ற ஆவணப்படம் 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வடிவமைப்பாளர் ஆடைகளைப் பார்வையிடக் காத்திருக்கும் வேளையில், தையற்கூடத் தலைவி ஒருவர் வாடிக்கையாளருக்காக நியூயார்க் சென்றிருக்கிறார். வடிவமைப்பாளருக்கு வருத்தம். ஆனால் வாடிக்கையாளர் பணத்தில்தானே கூடம் நடக்கிறது? கலையும் வணிகமும் ஒரே கையை இருபுறமும் இழுக்கும்போது எவர் பக்கமும் முற்றிலும் தவறில்லை. அக்கையை இரண்டாகக் கிழிக்காமல் காப்பது தலைவரின் கடமை.

நம் நாட்டுக்கு வருவோம். 1960களின் இறுதியில், கல்கத்தாவில் ரிது குமார் அம்மையார் தம் தொழிலைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை இரண்டு மேசைகளும், மர அச்சு கொண்டு துணியில் பதிக்கும் நான்கு தொழிலாளர்களுமே. மறைந்துகொண்டிருந்த அச்சு முறைகளையும் ஜர்தோசி வேலையையும் கைவினைஞரோடு அமர்ந்து அவர் மீட்டெடுத்தார். 2013ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாலு பேரோடு அமர்ந்து வேலை செய்யக் கற்றவரே நானூறு பேரை நடத்த இயலும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

இங்கு அமர்ந்துள்ள தாய்மார்களுக்குக் காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்தவர் தனித்து நெய்ய இயலாது. மறுபுறம் நாடாவை வாங்கித் தள்ளித் தரத் துணையாள் ஒருவர் தேவை. உடலும் கரையும் கூடும் இடத்தில் இருவர் கவனமும் கூட வேண்டும். ஒருவர் மனம் சிதறினாலும் அக்கரையில் தெரிந்துவிடும். குழு என்பதன் இலக்கணம் நம் வீட்டு அலமாரியிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

குழுவுக்குள் செய்தி நின்றுபோனால் என்ன நேரும் என்பதற்கும் நம் துணியே சான்று. 1958ஆம் ஆண்டு வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர், சி. பி. கிருஷ்ணன் நாயர் அவர்களிடம் மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கினார். சாயம் கசியும்; குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அத்துணியை வாங்கி ஆடையாக்கி விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு அச்சொல் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் வழக்கம்போல் துவைத்தார்கள்; நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன; புகார்கள் குவிந்தன. பின்னர் சாயம் கசிவதே அத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து குறையைப் புகழாக மாற்றினர் என்பது வேறு கதை. நெய்தவருக்குத் தெரிந்திருந்தது, விற்றவருக்குத் தெரியவில்லை. கீழிருப்பவர் அறிந்தது மேலே செல்ல வழி இல்லாத கூடத்தில் இப்படித்தான் நேரும்.

இனிச் சொல்வது சற்றுக் கடுமையானது. ஆடைத் தொழிலில் கால நெருக்கடி எப்போதும் மேலிருந்து கீழே இறங்குகிறது. தலைவர் முடிவெடுக்க மூன்று நாள் தாமதித்தால், அந்த மூன்று நாள்களை அவர் இழப்பதில்லை. இரவில் கண்விழித்துத் தைப்பவர் இழக்கிறார். 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காள தேசத்தின் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்து, அங்கிருந்த ஆடைத் தொழிலாளர் 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முந்திய நாளே சுவர்களில் விரிசல் காணப்பட்டும், வேலைக்கு வருமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். சட்டத்துக்குப் புறம்பாக எழுப்பிய மாடிகள் அதற்குக் காரணம். குறித்த நாளில் சரக்கு அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியும் காரணம். எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் அமர்ந்து, "பித்தானை மாற்றுவோம், ஆனால் நாள் மாறக்கூடாது" என்று கூறுபவர், அச்சொல் எவர் தோளில் இறங்குகிறது என்பதை அறிந்து கூற வேண்டும். மாற்றம் தேவையாயின் நாளையும் மாற்றுக. நாள் மாறாதாயின் மாற்றத்தைக் கைவிடுக. இந்த அறம் இல்லாதவரிடம் எத்துணை அழகுணர்ச்சி இருந்தாலும் அவரைத் தலைவர் என நான் ஏற்கமாட்டேன்.

குறை கூறும் முறையும் தலைமையின் பகுதியே. "உனக்குக் கழுத்து வெட்டத் தெரியவில்லை" என்பது ஒருவகை. "இந்தக் கழுத்து அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, ஏன் என்று பார்ப்போமா?" என்பது மற்றொரு வகை. முதற்சொல் மனிதரைத் தாழ்த்துகிறது. இரண்டாவது ஆடையைத் திருத்துகிறது. தாழ்த்தப்பட்டவர் அடுத்த முறை தவறு கண்டாலும் வாய் திறவார்.

இளைஞர்களே, இத்துறையில் பயிலக் கல்விக்கூடங்கள் உள்ளன. 1986ஆம் ஆண்டு புதுதில்லியில் தொடங்கிய நிஃப்ட் என்னும் தேசிய நிறுவனம் இன்று சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் கிளை பரப்பியுள்ளது. சேருங்கள், ஆனால் வரைவதோடு நில்லாமல் வெட்டவும் தைக்கவும் பிரிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தன்னால் ஒரு தையலைப் பிரித்து மீண்டும் போட முடியாதவருக்கு, அதைப் போடுபவரின் நேரம் எவ்வளவு என்று தெரியாது.

உங்களுக்கு ஒரு தனிப்பேறும் வாய்த்திருக்கிறது. வடபுலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் மாஸ்டர்ஜியிடம் அவர் மொழியில் பேசுவர். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளியிடமும் காஞ்சி நெசவாளரிடமும் தாய்மொழியில் பேசுவர். நடுவில் ஒருவர் மொழிபெயர்த்தால் பாதி அறிவு வழியிலேயே உதிர்ந்துவிடும். தமிழை மறவாதீர்கள் என்று இச்சங்கம் கூறுவதற்குப் பண்பாட்டுக் காரணங்கள் பல உண்டு. தொழிலுக்கும் அது பயன்படும் என்பதை என் துறையிலிருந்து சேர்த்துச் சொல்கிறேன்.

பெற்றோர்களே, "நிலையான வேலைதானா?" என்று கேட்கிறீர்கள். எளிதான வேலை அன்று. புகழ் ஒருவருக்கும் உழைப்பு பலருக்கும் என்று பங்கிடப்பட்டிருக்கும் வேலை. ஆகவே, புகழ் வரும்போது பகிரத் தெரிந்த பிள்ளையை இத்துறைக்கு அனுப்புங்கள். ஆடையைப் பாராட்டுவோரிடம் "இதை வெட்டியவர் இன்னார், பூவேலை செய்தவர்கள் இன்னார்" என்று பெயர் சொல்லி நிறுத்தும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. கச்சேரியில் பாடகர் பக்கவாத்தியக்காரரின் பெயரை மேடையிலேயே கூறுகிறார். அவர் தனித்து வாசிக்க இடமும் விடுகிறார். பாட்டின் பெருமை அதனால் குறைவதில்லை. தையற்கூடத்துக்கும் அந்த மரபு வர வேண்டும். அதை நம் பிள்ளைகள் கொண்டுவந்தால், அதுவே அவர்கள் படைக்கும் ஆடைகளுள் மிக அழகியதாகும்.