கிளாமர் யார் கண்ணில் இருக்கு?

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசப் போறோம். நீங்க அடிக்கடி கேட்கிற சொல்தான். கிளாமர்.

ஏதாவது ஒரு சினிமா பேட்டியை நினைச்சுப் பாருங்க. எதிரே உட்கார்ந்திருக்கிற நடிகைகிட்ட, "நீங்க கிளாமர் ரோல் பண்ணுவீங்களா?"ன்னு கேட்பாங்க. அவங்களும், "கதைக்குத் தேவைப்பட்டா பண்ணுவேன்"னு சொல்வாங்க. கேள்வியும் பழசு, பதிலும் பழசு. படம் வந்ததும் விமர்சனத்துல "கிளாமர் காட்டியிருக்கிறார்"னு ஒரு வரி வரும். கவனிச்சீங்கன்னா, இங்கே கிளாமர்ங்கிறது அந்தப் பெண்கிட்ட இருக்கிற ஒரு பொருள் மாதிரி. அவங்க அதைக் காட்டலாம், குறைச்சுக்கலாம், மறைக்கலாம். எல்லாம் அவங்க பொறுப்பு. பார்க்கிறவருக்கு அதுல ஒரு பங்கும் இல்லை.

ஆனா இந்தச் சொல் வளர்ந்த ஊர்ல, அதோட அர்த்தம் கிட்டத்தட்ட தலைகீழா இருந்தது.

அந்த ஊர் ஸ்காட்லாந்து. நாம இதை இங்கிலீஷ்னு நினைக்கிறோம், ஆனா இங்கிலீஷுக்கு இது ஸ்காட்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ஸ்காட்ஸ்ங்கிறது ஸ்காட்லாந்தோட தாழ்நிலப் பகுதிகள்ல பேசுற மொழி. இங்கிலீஷுக்குக் கூடப்பிறந்தது. மலைப்பகுதியிலும் தீவுகளிலும் பேசுற கேலிக் வேற, இது வேற.

எடின்பரோவில் ஆலன் ராம்சேன்னு ஒரு கவிஞர் இருந்தார். தொழில், விக் செய்றது. 1721-ல் வெளிவந்த தன்னோட கவிதைப் புத்தகத்துல, ஸ்காட்ஸ் தெரியாதவங்களுக்காகப் பின்னாடி ஒரு சொற்பட்டியல் சேர்த்திருக்கார். அதுல கிளாமர்னா என்னன்னும் விளக்கியிருக்கார். சுருக்கமா சொன்னா, பேயோ மந்திரவாதியோ வித்தைக்காரனோ நம்ம பார்வையை ஏமாத்தினா, நம்ம கண்ணு மேல கிளாமரை வீசிட்டாங்கன்னு சொல்லணும்.

நம்ம மொழியில இதுக்குப் பொருத்தமான சொல் ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. கண்கட்டு வித்தை. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. கட்டுறது எதை? கண்ணை. எதிர்ல இருக்கிற கல்லு கல்லாவேதான் இருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் அது தங்கமாத் தெரியுது. மாற்றம் நடக்கிற இடம் பார்க்கிறவரோட கண். பழைய கிளாமரும் இதேதான்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கிளாமர்ங்கிறது வேற யாரும் இல்லை, நம்ம ஸ்கூல் கிராமர்தான்! ஒரு 'ர', 'ல' ஆகிடுச்சு, அவ்வளவுதான். கிரேக்கத்துல எழுத்துக்கு 'கிராம்மா'ன்னு பேர். எழுத்துக் கலைதான் கிராமர். ஐரோப்பாவோட இடைக்காலத்துல கிராமர் படிச்சவன்னா லத்தீன் படிச்சவன்னு அர்த்தம். ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருத்தர் தனியா உட்கார்ந்து, யாருக்கும் புரியாத கோடுகளைப் பார்த்து, யாருக்கும் புரியாத பாஷையில முணுமுணுக்கிறார். பார்க்கிறவங்களுக்கு அது மந்திரமாத்தானே தெரியும்? பிரெஞ்சுல மந்திரப் புத்தகத்துக்கு 'கிரிம்வார்'னு பேர். அதுவும் இதே கிராமர்லேருந்து வந்ததுதான். ஸ்காட்லாந்தோட பெரிய கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், 1789-ல் கேப்டன் குரோஸ் பத்தி எழுதின கவிதையில, கிளாமரையும் கிராமரையும் எதுகை மாதிரி ஜோடி சேர்த்தே போட்டிருக்கார்.

தமிழ்லயும் ஒரு சுவாரசியம் இருக்கு. "பொண்ணு லட்சணமா இருக்கா"ன்னு சொல்றோமே, அந்த லட்சணமும் இலக்கணமும் ஒரே சொல்லோட ரெண்டு வடிவம். ஆனா நம்ம வழி வேற. லட்சணம்னா அடையாளம், அந்த அடையாளத்திலிருந்து அழகுக்கு வந்துட்டோம். ஸ்காட்ஸ் சொல் மந்திரம் வழியா, ஏமாத்து வழியா அழகுக்கு வந்தது. அந்த வழிதான் இன்னைக்கு நம்ம விஷயம்.

ஏன்னா அந்த ஊர்ல மந்திரம் விளையாட்டுப் பேச்சு இல்லை. 1563-லிருந்து 1736 வரைக்கும் சூனியத்துக்கு மரண தண்டனைன்னு ஸ்காட்லாந்துல சட்டம் இருந்தது. ராம்சே அந்தப் பட்டியலை எழுதினப்பவும் அது அமல்ல இருந்தது. கிட்டத்தட்ட 4,000 பேர் மேல குற்றச்சாட்டு, சுமார் 2,500 பேர் கொல்லப்பட்டாங்கன்னு மதிப்பிடுறாங்க. பெரும்பாலும் பெண்கள். 2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்னைக்கு, அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துல இதுக்காக மன்னிப்புக் கேட்டாங்க.

இப்போ ஒரு பாட்டுக் கதை. ஸ்காட்லாந்தோட பிரபலமான நாட்டுப்புறப் பாட்டு ஒண்ணுல, ஒரு பிரபுவோட வீட்டு வாசல்ல ஜிப்சிகள் வந்து பாடுறாங்க. வீட்டுத் தலைவி கீழே இறங்கி வர்றா. நல்ல அழகி. அவ முகத்தைப் பார்த்ததுமே ஜிப்சிகள் அவ மேல கிளாமரை வீசிடுறாங்க. அவ எல்லாத்தையும் விட்டுட்டு அவங்களோட போயிடுறா. கவனிங்க, அழகி அவதான். ஆனா கிளாமர் அவளோடது இல்லை. அவ மேல வீசப்பட்டது. இதை நான் பொற்காலம்னு சொல்ல வரலை. "என் மனைவி தானா போகலை, மந்திரம் போட்டுட்டாங்க"ன்னு பழியை ஜிப்சிகள் மேல போடுற கதை இது. 1609-லேயே அவங்களை நாட்டை விட்டுத் துரத்தச் சட்டம் போட்ட நாடு அது. அப்பவும் இந்தச் சொல் யாரோ ஒருத்தரைச் சந்தேகப்பட்டுச்சு. ஆனா ஒரு விஷயத்துல நேர்மையா இருந்தது: ஏமாந்தது கண்ணுதான்னு ஒத்துக்கிட்டது.

இந்தச் சொல்லை ஸ்காட்லாந்துக்கு வெளியே பரவலாக் கொண்டு போனவர் வால்டர் ஸ்காட். 1805-ல் வந்த அவரோட நீண்ட கதைப் பாட்டுல ஒரு மந்திரப் புத்தகம் வரும். அந்தக் கிளாமர்ல சிலந்தி வலை அரண்மனைத் திரைச்சீலையாத் தெரியும், கொட்டையோட ஓடு தங்கப் படகாத் தெரியும். புத்தகம் ஏகப்பட்ட பிரதி வித்தது. சொல் தெற்கே லண்டன் போச்சு. அங்கே மெல்ல மெல்ல மந்திரம் கழண்டு, மயக்குற அழகுங்கிற அர்த்தம் மட்டும் மிஞ்சிச்சு.

1930-கள்ல ஹாலிவுட் அதைப் பிடிச்சுக்கிட்டது. ஜார்ஜ் ஹரெல்னு ஒரு புகைப்படக்காரர். ஒளியும் நிழலும் வெச்சு நட்சத்திரங்களை வேற உலகத்து ஆட்களாக் காட்டினவர். நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு முகம் முழுக்கப் புள்ளிகள். நெகட்டிவ்லயே கைவேலை செஞ்சு அதையெல்லாம் எடுத்துட்டு, பளிங்கு மாதிரி படம் கொடுப்பாங்க. யோசிச்சா, இது ராம்சே சொன்ன அதே வேலைதான். விளக்கு, லென்ஸ், பென்சில். ஆனா அதுக்குப் பேர் வைக்கும்போது 'ஹரெல் போட்ட கிளாமர்'னு வைக்கலை. 'கிளாமர் கேர்ள்'னு வெச்சாங்க. 1939-ல் கிளாமர்ங்கிற சொல்லைப் பேர்ல வெச்சே ஒரு பத்திரிகை வந்தாச்சு. வித்தை செஞ்சவர் கேமராவுக்குப் பின்னாடி மறைஞ்சுட்டார். வித்தையோட பேர் அந்தப் பெண் மேல ஒட்டிக்கிச்சு.

அந்தச் சொல்தான் கப்பல் ஏறி, கோடம்பாக்கம் வந்து, நம்ம பேட்டியில உட்கார்ந்திருக்கு. கேமரா எந்தக் கோணத்துல இருக்கணும்னு முடிவு பண்ணினவர் ஒருத்தர். உடையை முடிவு பண்ணினவர் ஒருத்தர். அந்த ஷாட்டை போஸ்டர்ல போடச் சொன்னவர் ஒருத்தர். டிக்கெட் வாங்கினது நாம. ஆனா கேள்வி மட்டும் அவங்ககிட்ட. "ஏன் கிளாமர் பண்றீங்க?"

நான் கிளாமரே கூடாதுன்னு சொல்லலை. கண்கட்டு வித்தை எனக்கும் பிடிக்கும். வித்தைன்னு தெரிஞ்சு பார்த்தா அது சந்தோஷம். தெரியாமப் பார்த்தாத்தான் பிரச்சினை. ஃபில்டர் போட்ட ஒரு முகத்தைப் பார்த்துட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு "நான் ஏன் இப்படி இல்லை?"ன்னு நீங்க கேட்டிருந்தா, உங்க கண்ணை யாரோ கட்டியிருக்காங்க. அது உங்க முகத்தோட குறை இல்லை.

பழைய நாட்டுப்புற நம்பிக்கை ஒண்ணு உண்டு. நாலு இலை இருக்கிற க்ளோவர் செடியைக் கையில வெச்சிருந்தா, கிளாமர் பலிக்காது. இருக்கிறது இருக்கிற மாதிரியே தெரியும். நமக்கு அந்தச் செடி வேண்டாம். "இதை எனக்கு இப்படிக் காட்டுறது யாரு?"ன்னு ஒரு கேள்வி போதும்.

அடுத்த தடவை யாராவது "செம கிளாமர்ல"ன்னு சொன்னா, யாரோட வேலைன்னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல இன்னொரு சொல்லோட சந்திப்போம்.