மோட்சத்தின் வாசலும் கல்லறைச் சுவரும்



நினைவுச் சொற்பொழிவில் இறந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இறந்தவர்கள் போய்ச் சேருவதாக நம் மக்கள் நம்பும் இடத்தைப் பற்றி இன்று பேச நினைக்கிறோம். கத்தோலிக்கச் சேரியில் அது மோட்சம், சீர்திருத்த சபைச் சேரியில் பரலோகம். இயக்க மேடைகளில் இந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

மதம் அபின் என்று மார்க்ஸ் சொன்னதை நாம் எல்லோரும் சொல்கிறோம். 1844-இல் அச்சான அந்தக் கட்டுரையில், அதே இடத்தில், மதம் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் துன்பத்தை எதிர்க்கும் குரல் என்றும் அவர் பார்த்தார். அந்தப் பாதியை மேடையில் விட்டுவிடுகிறோம். மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதிய அண்ணல் அம்பேத்கர், சமூகச் சூழலை விட்டுவிட்டுப் பாவத்தைக் காரணமாகக் காட்டும் போதனை போராடும் வேகத்தைக் குறைத்துவிடும் என்றார். இதற்குத் திருச்சபைகள் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.

ஆனால் மலக்குழிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்த பிள்ளையின் தாய்க்கு, முதல் இரவில், நாம் என்ன கொடுக்கிறோம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்திய இழப்பீட்டுக்கு மனு. எல்லாம் வேண்டும். எல்லாம் விடிந்த பிறகு தொடங்குபவை. அந்த இரவில் உபதேசியார் வந்து, உன் பிள்ளையைக் கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார் என்கிறார். அவள் ஒரு வாய் கஞ்சி குடிக்கிறாள். அந்தக் கஞ்சியைத் தட்டிவிட நமக்கு உரிமையில்லை.

பேர் சொல்லி என்றோம். லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்துக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்காரன் ஒருவன், அவன் வாசலில் புண்ணோடு கிடக்கும் ஏழை ஒருவன். பணக்காரனுக்குக் கதையில் பேரே இல்லை. ஏழைக்கு இருக்கிறது: லாசர். இருவரும் சாகிறார்கள். லாசர் ஆபிரகாமின் மடியில், பணக்காரன் நெருப்பில். பிரசங்கியார்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நெருப்பில் கிடந்துகொண்டே பணக்காரன் கேட்பதைக் கவனியுங்கள். லாசரை அனுப்பு, அவன் விரலைத் தண்ணீரில் நனைத்து என் நாக்கைக் குளிரவைக்கட்டும் என்கிறான். லாசரிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபிரகாமிடம்தான் பேசுகிறான். செத்த பிறகும் அவனுக்கு லாசர் ஏவலாள்தான். ஆனால் தாகம் எடுத்த நாக்குக்கு அந்த விரல் தீட்டாகத் தெரியவில்லை! ரெட்டைக் குவளைக் கடையில் நின்று டீ குடித்த கிழவர் ஒருவருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கக் கறுப்பின அடிமைகளும் இப்படித்தான் கேட்டார்கள். அவர்கள் பாட்டில் வரும் கானான் தேசம் சொர்க்கம் மட்டுமல்ல, தப்பியோடிச் சேர வேண்டிய வடக்கும்தான் என்று, தானே அடிமையாயிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1855-இல் எழுதினார். எசமானின் காதுக்கு அது மறுமை, பாடியவனுக்கு வழித்தடம்.

நம் ஊரில் மோட்சத்துக்குப் போகும் வழியில் ஒரு சுவர் நின்றது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைச் சொல்கிறோம். ஒரே பூசை, ஒரே மந்திரிப்பு, ஒரே நித்திய இளைப்பாற்றி. குழி மட்டும் வேறு பக்கம். மறுமையில் சாதி உண்டு என்று எந்த ஞானோபதேசமும் சொல்லவில்லை. சொல்லாததைச் செங்கல் சொன்னது. வடக்கன்குளம் கோயிலுக்குள்ளும் தடுப்புச் சுவர் இருந்தது, 1910-இல்தான் இடிபட்டது. (அது முதன்மையாக வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவில் நின்ற சுவர். நம்முடைய சுவர்கள் இன்னும் பழையவை.) பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது ஏன் அவ்வளவு சுட்டது என்று இப்போது தெரிகிறதா?

அரசும் தன் பங்குக்கு ஒரு சுவர் வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள், 1990-இல் பௌத்தர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஊர்க்காரன் பறையன் என்றே அடிக்கிறான், அலுவலகம் மட்டும் நீ பறையன் இல்லை என்கிறது.

இந்த இரண்டு சுவருக்கு நடுவில் நின்றுகொண்டு மோட்சத்தைக் கீழே இறக்கியவர் ஒருவர் உண்டு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம்முடைய பறட்டை. பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளின் அரசு எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குப் பொற்தெரு நினைவில் வரவில்லை. எல்லோர் அரிசியும் ஒரே உலையில் கொதிக்கும், எல்லோரும் சேர்ந்து தின்பார்கள், அவ்வளவுதான். சாதி எதைத் தடுக்கிறதோ அதையே அவர் மோட்சத்துக்கு அடையாளமாக வைத்தார்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். கிறித்தவச் சேரிகளில் சாவு வீட்டில் பாட்டிமார் பாடும் ஒப்பாரியில் மோட்சம் வருகிறது. பிரசங்கத்தில் வரும் மோட்சம் அல்ல அது. நாங்கள் கேட்டவற்றில் ஒழுகாத கூரை வருகிறது, பொழுது சாயும் முன் முடிகிற நடவு வருகிறது, கைகளைக் குவித்து ஏந்தாமல் செம்பைத் தூக்கிக் குடிக்கிற தண்ணீர் வருகிறது. அவை எந்த ஞானப்பாட்டுப் புத்தகத்திலும் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். செல்போனை எடுத்துக்கொண்டு இந்த விடுமுறையிலேயே கிளம்புங்கள். ஊர்ப் பேர், பாடியவர் பேர், யாருடைய சாவுக்குப் பாடியது என்பதையும் மறக்காமல் எழுதி வாருங்கள்.