குளத்துச் சேறும் டப்பா பாக்டீரியாவும்

இந்த வாரம் ஏஐ கிடையாது, புது போன் கிடையாது. சேறு. வீட்டுத் தோட்டத்துல சின்னதா மீன் குளம் வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். அடியில கையை விட்டா கறுப்பா, வழவழன்னு, அழுகின முட்டை நாத்தத்தோட வருமே, அதேதான். "இந்தப் பவுடரைப் போடுங்க சார், நல்ல பாக்டீரியா எல்லாச் சேத்தையும் தின்னுடும்"னு கடையில ஒரு டப்பாவைக் கையில குடுப்பாங்க. அது எவ்வளவு தூரம் உண்மை? எந்தச் சூழ்நிலையில அது மீனுக்கே எமனாகும்? இதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல, சேறுன்னா என்ன? மீன் கழிவு, மீன் தின்னாம விட்ட தீனி, உதிர்ந்த இலை, செத்த பாசி, கூடவே காத்துல வர்ற தூசியும் மண்ணும். இதுல மண்ணை எந்த பாக்டீரியாவும் தின்னாது. மத்ததைத் தின்னும். ஆனா ஒரே கூட்டம் எல்லாத்தையும் தின்னு முடிக்கறதில்ல. ரெண்டு டீம் இருக்கு.

முதல் டீம், கழிவை உடைக்கிறவங்க. டப்பா மேல பெரும்பாலும் இவங்க பேர்தான் இருக்கும்: பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ். இவங்க என்சைம்களை வெளியே விட்டு, புரதம், மாவுச்சத்து, கொழுப்பு எல்லாத்தையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, அதுக்கப்புறம் உறிஞ்சிக்கிறாங்க. நிலைமை மோசமானா கெட்டியான ஓடு போட்டு ஸ்போரா தூங்கிடுவாங்க. அதனாலதான் பவுடராக் காயவச்சு, டப்பாவுல அடைச்சு, மாசக்கணக்கா அலமாரியில வைக்க முடியுது.

புரதத்தை உடைச்சா அம்மோனியா வரும். அம்மோனியா மீனுக்கு விஷம். அங்கதான் ரெண்டாவது டீம் வேலைக்கு வருது. நைட்ரோசோமோனாஸ் மாதிரி பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், நைட்ரோஸ்பைரா அதை நைட்ரேட்டா மாத்தும். இப்படி வாழற பாக்டீரியா இருக்குன்னு 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி காட்டினார். ரெண்டு படிக்கும் ரெண்டு வேற ஆள் வேணும்னுதான் நூறு வருஷத்துக்கும் மேல நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2015-ல்தான் முழு வேலையையும் தனியாளா செய்யற நைட்ரோஸ்பைரா வகைகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு குழுவுக்கு அது கிடைச்சது மீன் வளர்ப்பு அமைப்போட ஃபில்டர்ல இருந்து!

இந்த ரெண்டாவது டீம் ஸ்போர் போடாது. ரொம்ப மெதுவா வளரும். பேசில்லஸ் நல்ல சூழல்ல அரை மணி, ஒரு மணி நேரத்துல ரெண்டு மடங்காகும்னா, இவங்களுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளே ஆகும். அப்போ காய்ஞ்ச பவுடர் டப்பாவுல நீங்க வாங்கறது பெரும்பாலும் முதல் டீமை மட்டும்தான்.

நம்ம கோடிங் ஆட்களுக்கு இது உடனே புரியும். ப்ரொட்யூசர் வேகமாத் தள்ளுறான், கன்ஸ்யூமர் மெதுவா எடுக்குறான், நடுவுல க்யூ நிரம்புது. அந்த க்யூதான் அம்மோனியா. மீன் அந்த க்யூவுக்குள்ளதான் நீந்திக்கிட்டு இருக்கு.

அதோட ஆபத்து தண்ணியோட பிஎச்சைப் பொறுத்தது. நம்ம ஊர் மாதிரி 30 டிகிரித் தண்ணியில, பிஎச் 7 இருந்தா மொத்த அம்மோனியாவுல விஷமான வடிவம் நூத்துல ஒரு பங்கு கூட வராது. பிஎச் 8.5 ஆனா கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. பாசி பிடிச்ச பச்சைத் தண்ணியில, வெயில் நேரத்துல பிஎச் சாதாரணமா அவ்வளவு ஏறும்.

சரி, இதைவிடப் பெரிய ஆபத்து ஆக்சிஜன். இதை ஒரு சம்பவத்தை வச்சே சொல்றேன். எங்க பெரியப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டுக்குப் பின்னாடி ஒரு சிமெண்ட் குளம் கட்டினார். கொளத்தூர்ல போய் கோய் மீன் வாங்கிட்டு வந்து விட்டார். எட்டு வருஷமாச்சு. கையில தீனி வச்சா வந்து வாங்கிக்கும், அப்படி ஒரு பழக்கம். போன மாசம் ஒரு நாள் காலையில அஞ்சரை மணிக்கு அவர்கிட்ட இருந்து போன். "தம்பி, மூணு மீன் செத்து மிதக்குதுடா. மத்ததெல்லாம் வாயை மேல வச்சுக்கிட்டு நிக்குது." முந்தின நாள் சாயங்காலம் சேத்தை நல்லாக் கிளறிவிட்டு, பவுடரைக் கொட்டிட்டு, வழக்கம்போல ராத்திரி கரண்ட் பில்லுக்காக மோட்டரை அணைச்சிருக்கார். "மோட்டரைப் போடுங்க பெரியப்பா, பாதித் தண்ணியை மாத்துங்க"ன்னு சொன்னேன். வீட்டுல போர் தண்ணிதான், குளோரின் பிரச்சினை இல்ல. அஞ்சு மீன் பிழைச்சுது.

ஏன் செத்துதுன்னு அன்னைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளம் பத்தடி நீளம், ஆறடி அகலம், ரெண்டரை அடி ஆழம். 150 கன அடி, சுமாரா 4,250 லிட்டர். 30 டிகிரியில தண்ணி லிட்டருக்கு அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிச்சு வைக்கும். பெருக்கினா 32 கிராம். அவ்வளவு பெரிய குளம் மொத்தத்துலயும் 32 கிராம்! ஒரு கிராம் சர்க்கரையை பாக்டீரியா முழுசா எரிக்கறதுக்கே ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல ஆக்சிஜன் வேணும். அதாவது ஒரு கைப்பிடி கழிவு முழுசா மக்கினா, குளத்துல இருக்கற ஆக்சிஜன் எல்லாம் காலி. மேற்பரப்பு வழியா காத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டேதான் இருக்கும். ஆனா அசையாத தண்ணியில அது ரொம்ப மெதுவு. ராத்திரியில பாசியும் செடியும் ஆக்சிஜன் குடுக்காது, அதுங்களும் எடுத்துக்கும். அதனாலதான் மீன் சாகறது பெரும்பாலும் விடியற்காலையில.

பழியைப் பவுடர் மேல மட்டும் போட முடியாது. கிளறின சேறே ஆக்சிஜனைக் குடிக்கும், அடியில அடைஞ்சிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும் மேல வரும். பவுடர், கிளறல், அணைச்ச மோட்டர் மூணும் ஒரே ராத்திரியில சேர்ந்துடுச்சு.

அப்போ இந்த பாக்டீரியா விஷயமே டுபாக்கூரா? அதுவும் இல்ல. 1914-ல் மான்செஸ்டர்ல எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட்னு ரெண்டு பேர் சாக்கடைத் தண்ணிக்குள்ள காத்தை ஊதிப் பார்த்தாங்க. முதல் தடவை முழுசாச் சுத்தமாக வாரக்கணக்கா ஆச்சு. தெளிஞ்ச தண்ணியை மட்டும் வடிச்சுட்டு, அடியில தங்கின சேத்தை அப்படியே வச்சு, புதுச் சாக்கடையை ஊத்தித் திரும்ப ஊதினாங்க. ஒவ்வொரு தடவையும் நேரம் குறைஞ்சு, கடைசியில சில மணி நேரத்துக்கு வந்துடுச்சு. இன்னைக்கும் உலகம் பூரா பல கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த முறையிலதான் ஓடுது. கவனிங்க, அவங்க எந்த டப்பாவும் வாங்கல. பாக்டீரியா ஏற்கெனவே அங்க இருந்துச்சு. குறைஞ்சது காத்து.

நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைக்குப் போனா ப்ரோபயாடிக்னு இதே பேசில்லஸ் வகைகளைப் போடறதைப் பார்க்கலாம். ஆனா அந்தக் குளங்கள்ல ஏரேட்டர் சக்கரமும் தண்ணியை அடிச்சுக்கிட்டு இருக்கும். நாம டப்பாவை மட்டும் காப்பி அடிச்சுட்டு சக்கரத்தை விட்டுடறோம்.

நடைமுறைக்கு வருவோம். வரிசை முக்கியம்.

ஒண்ணு, கையால எடுக்க முடிஞ்சதைக் கையாலயே எடுங்க. இலையை வலை போட்டு எடுங்க. சேத்தைக் கிளறாம, ஒரு ஹோஸ் வச்சு உறிஞ்சு, ஒரு நாளைக்குக் கொஞ்சம்னு வெளியேத்துங்க. அது செடிக்கு அருமையான உரம்.

ரெண்டு, ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓடணும். முக்கியமா ராத்திரி.

மூணு, தீனியைக் குறைங்க. சில நிமிஷத்துல மீன் தின்னு முடிக்கற அளவு போதும்.

நாலு, கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரினை நீக்கிட்டு விடுங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, குளத்துத் தண்ணியிலயே அலசுங்க. உங்க ரெண்டாவது டீம் குடியிருக்கறது அதுலதான்.

இதெல்லாம் செஞ்ச பிறகுதான் பவுடர். காலையில, லேபிள்ல இருக்கற அளவுக்கும் குறைவா ஆரம்பிங்க. யூவி விளக்கு இருந்தா அன்னைக்கு அணைச்சு வைங்க, இல்லேன்னா போட்டதை அதுவே கொன்னுடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் மாதிரி மருந்து போட்ட சமயத்துல பாக்டீரியா போடறது காசைத் தண்ணியில போடறது. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி, முதல் ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்க. ஏறினா பவுடரை நிறுத்திட்டு, கொஞ்சம் தண்ணியை மாத்துங்க.

இன்னொண்ணு. சேறு மக்கினாலும் அதுல இருந்த பாஸ்பரஸ் எங்கயும் போகாது. தண்ணியில கரையும். நைட்ரேட்டும் சேரும். அதனால சேறு குறையக் குறையத் தண்ணி பச்சையானா பயப்படாதீங்க. அல்லி, கல்வாழை மாதிரி ரெண்டு செடி வைங்க, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இருங்க. சத்து குளத்தை விட்டு வெளியே போறது முக்கியமா அந்த ரெண்டு வழியில: வெட்டி எடுக்கற செடியில, மாத்தி ஊத்தற தண்ணியில.

"என் குளத்துக்குப் பவுடர் தேவையா?"ன்னு கேட்டா, அதை நீங்களே டெஸ்ட் பண்ணலாம். மூணு பக்கெட், மூணுலயும் ஒரே அளவு சேறு, ஒரே அளவு குளத்துத் தண்ணி. முதல் பக்கெட்டுல காத்து மட்டும். ரெண்டாவதுல காத்தும் பவுடரும். மூணாவதுல பவுடர் மட்டும், காத்து கிடையாது. மீன் எதுலயும் வேண்டாம், கொசு வராம மேல வலை கட்டிடுங்க. நாலு வாரம் கழிச்சு, படியவிட்டு, சேத்தோட உயரத்தை ஸ்கேல் வச்சு அளங்க. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் வித்தியாசமே தெரியலைன்னா உங்களுக்குத் தேவை ஏர் பம்ப், டப்பா இல்ல. ரெண்டாவது நல்லாக் குறைஞ்சிருந்தா தாராளமா வாங்குங்க.

எங்க மொட்டை மாடியில இப்ப மூணு பக்கெட் நிக்குது. மூணாவது இப்பவே நாற ஆரம்பிச்சாச்சு, அம்மா அந்தப் பக்கம் துணி காயப்போட வரமாட்டேங்கறாங்க. மத்த ரெண்டையும் அளந்துட்டு அடுத்த மாசம் சொல்றேன். நீங்களும் வச்சுப் பார்த்தா உங்க அளவை எழுதி அனுப்புங்க, அதையும் சேர்த்துப் பேசலாம். அதுவரைக்கும், இன்னைக்கு ராத்திரி மோட்டரை அணைக்காதீங்க.