கமராவும் ஸ்ரெதஸ்கோப்பும்



வைத்தியத்தைப் பற்றியல்ல, என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆகவே என் கமராவைப் பற்றி முறையிட வந்திருக்கிறேன்.

1982இல் வந்த நிக்கோன் எப்.எம்.2 கமராவில் வேகத்துக்கு ஒரு திருகி. வில்லையில் துவாரத்துக்கு ஒரு வளையம், குவியத்துக்கு ஒரு வளையம். பற்றரி செத்தாலும் படம் எடுக்கும். ஒளிமானி மட்டுந்தான் ஓயும். என் புதிய கமராவிலோ பட்டியலுக்குள் பட்டியல். ‘பீப்’ சத்தத்தை நிறுத்தும் இடத்தைத் தேடுவதற்குள் குழந்தை சிரித்து முடித்து, அழுதும் முடித்துவிடும். சிரித்த முகத்தைத் தானே கண்டுபிடிக்குமாம். நான் தேடும் இடத்தை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறது!

பிரெஞ்சு வைத்தியர் லெனெக் 1816இல் சுருட்டிய கடதாசியை நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது ஸ்ரெதஸ்கோப். என் கழுத்தில் தொங்குவதில் இன்றும் பட்டியல் இல்லை. காதில் மாட்டிக்கொண்டே நோயாளியின் முகத்தைப் பார்க்கலாம்.

வாட்டிலும் திரைகள் பெருகிவிட்டன. அவை தேவைதான். ஆனால் நாங்கள் திரையையே பார்த்திருந்தால், கட்டிலில் இருக்கும் அம்மா சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார். கமராவில் தவறுவது ஒரு படம். இங்கே தவறுவது ஒரு நோய்க்குறி.

தங்கைமாரே, எந்தக் கருவியையும் கை தானாக வேலை செய்யுமளவுக்குப் பழகுங்கள். கண் எதிரில் இருப்பவருக்கு உரியது.