சான்றோடு எழுதுவோம் குடும்ப வரலாறு



நம் இல்லங்களில் குலவழிப் பட்டியல் எழுதும் ஆர்வம் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. கொள்ளுப்பாட்டனார் பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு எனக் கட்டமிட்டு எழுதுகின்றனர். ஆயின், அவ்வாண்டு எங்கிருந்து கிடைத்தது என்னும் குறிப்பைப் பெரும்பாலும் காண இயலவில்லை. சான்று சுட்டப்பெறாத ஆண்டு செவிவழிச் செய்தியாகவே நின்றுவிடும்.

உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தார். காப்பியத்திற்குக் காட்டிய அந்த அக்கறையை நம் முன்னோர்க்கும் காட்டுதல் தகும்.

ஒருவர் பிறந்த நாளுக்கு மூன்று சான்றுகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது, பிறப்புப் பதிவேடு. நிகழ்ச்சி நடந்த சில நாள்களில் எழுதப்பட்டதாயின் அதன் மதிப்பு மிகுதி. ஆயினும் பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இராது. தந்தை பெயரும் 'ஆண்' அல்லது 'பெண்' என்னும் குறிப்புமே இருக்கும். அது மூத்தவரா இளையவரா என்பதை வேறு சான்றால் உறுதிசெய்தல் வேண்டும்.

இரண்டாவது, சாதகம். இதில் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வரும். பிரபவ ஆண்டு 1927இலும் பிறந்தது, 1987இலும் பிறந்தது.

மூன்றாவது, பள்ளிச் சான்றிதழ். தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது எனக் கொண்டு, அதற்கேற்ப ஒரு பிறந்த நாளை எழுதிய காலத்தை இங்குள்ள பெரியோர் அறிவர். அலுவலகப் பணிகளுக்கு அந்நாள் பயன்பட்டது. வரலாற்றுக்கு அதுவே முடிந்த முடிபாகாது.

இறப்புப் பதிவையும் இவ்வாறே பகுத்துப் பார்த்தல் வேண்டும். இறந்த நாளுக்கு அது நெருங்கிய சான்று. அதே ஏட்டில் காணும் வயதோ, தெரிவித்தவர் மதிப்பிட்டுச் சொன்னதாக இருக்கலாம். எண்பது என்று மருமகன் சொல்லியிருந்தால், அதைக் கழித்துப் பிறந்த ஆண்டை அறுதியிடுதல் பொருந்தாது. எனவே தெரிவித்தவர் யார் என்பதையும் குறித்தல் இன்றியமையாதது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1956 ஜூன் 17. அச்சட்டம் சமணர்க்கும் உரியது. உயில் எழுதாமல் மறைந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனோடு ஒத்த பங்கு மகளுக்கு உண்டா என்பது, அவர் அந்நாளுக்கு முன் மறைந்தாரா பின் மறைந்தாரா என்பதைப் பொறுத்து மாறும். '1956 வாக்கில்' என்னும் ஒரு சொல் ஒரு பெண்ணின் உரிமையையே ஐயத்தில் நிறுத்திவிடும்.

இனி, குறிக்கும் முறை. கற்பனையாக ஒன்று சொல்கிறேன்: 'இன்ன வட்டம், இன்ன ஊர், பிறப்புப் பதிவேடு, 1938, பதிவு எண் 47. பிறந்த நாள் மார்ச் 3; பதிந்த நாள் மார்ச் 9. தெரிவித்தவர் தாய்மாமன். மூலப் பதிவேட்டை இன்ன அலுவலகத்தில் 2024 ஜூலை 5 அன்று நேரில் கண்டது.' இவ்வளவே. கண்டது மூலமா, சான்றிதழா, ஒளிநகலா என்பதையும் எழுதுக. மூலத்தில் உள்ள அனைத்தும் சான்றிதழில் வருவதில்லை. இறப்புக்கான காரணத்தைச் சான்றிதழில் வெளியிடலாகாது என்பது 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. பதிந்த நாள் நிகழ்ந்த நாளுக்குப் பல ஆண்டு பிந்தியதாயின் அதையும் மறையாது குறிக்க. இரு சான்றுகள் முரண்பட்டால் ஒன்றை அழித்தல் கூடாது. இரண்டையும் எழுதி, எதை ஏற்றோம், ஏன் ஏற்றோம் என்று ஒரு வரி சேர்த்தல் வேண்டும்.

பதிவேடு கிடைக்காத இடத்தில் பாட்டியார் சொன்னதையே எழுதலாம். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்று சேர்த்தால் அதுவும் மதிக்கத்தக்க சான்றாகும். பதிவேட்டின் தாள் நாளைக்கும் இருக்கலாம். எண்பது வயதைக் கடந்த முதியோரின் நினைவு காத்திராது. ஆதலின் இவ்விழா விடுமுறையிலேயே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதத் தொடங்குங்கள் என இளையோரைக் கேட்டு அமைகிறேன்.